ரஜீவின் சின்னக் குடை

பதுளைக் கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறவர்களை நாட்டாமி என்பார்கள். நமுனுகுல மலையடியில், தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், பிறந்த ரஜீவ் மீசை அரும்பிய வயதிலேயே நாட்டாமியானவன். தம்பையா முதலாளியின் மொத்தக் கடைக்கு லொறி வந்தால், அரிசி மூட்டையை முதுகில் வாங்கிக்கொண்டு பின்கட்டு வரைக்கும் எங்கும் நிற்காமல் போவான். மற்றவர்கள் படியில் நின்று ஒரு மூச்சு விட்டுத்தான் ஏறுவார்கள். இவன் ஏறி, இறக்கி வைத்துவிட்டு, ஒரு தரம் திரும்பிப் பார்ப்பான். யாராவது பார்த்தார்களா என்று தெரிந்துகொள்ள வேண்டும் அவனுக்கு. சும்மா சொல்லக் கூடாது, பார்க்கத்தான் செய்தார்கள்.

அந்த முதுகுதான் அவனை ஆகாயத்துக்கும் கொண்டுபோனது. பெரகலவுக்கு மேலேயுள்ள முகட்டிலிருந்து பறக்க வந்த ஒரு வெள்ளைக்காரர், தன் பையைத் தூக்க ஆள் தேடினார். பை இருபது கிலோவுக்கு மேல். பாதைக்கு அப்பால் வாகனம் போகாது. ரஜீவ் அதைத் தூக்கிக்கொண்டு அவருக்கு முன்னாலேயே மேலே போய் நின்றான். பையைத் திறந்தால் உள்ளே துணியும் நூலும். அந்த மனிதர் அதை விரித்து, காற்றைப் பிடித்து, நாலு எட்டு ஓடி, ஆகாயத்தில் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு ரஜீவுக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு பருவம் சுமந்தான். மூன்றாவது பருவத்தில் கெஞ்சிக் கூத்தாடிக் கற்றுக்கொண்டான். ஊருக்குத் திரும்பும்போது வெள்ளைக்காரர் தன் பழைய சாமான்களை அவனிடமே விட்டுப் போனார். பாராகிளைடர் என்று சொல்ல லயத்தில் யாருக்கும் பொறுமையில்லை. ரஜீவின் குடை என்றார்கள். பெரிய குடை ஆகாயத்தில் மடங்கிப்போனால் கைப்பிடியை இழுத்து விரிப்பதற்கென்று, உட்காரும் பட்டிக்குள் இன்னொன்றை மடித்து வைத்திருக்கும். அது சின்னக் குடை.

அதே வெள்ளைக்காரரிடம் அதே பருவத்தில் கற்றுக்கொண்டவன் சுஜன். தம்பையா முதலாளியின் ஒரே மகன், ரஜீவைவிட ஏழெட்டு வயது இளையவன், படித்தவன், உடம்பு என்று சொல்ல ஒன்றும் இல்லாதவன். பறப்பதில் இரண்டு பேரும் சரிக்குச் சரி. ஏறுவதில் அப்படியில்லை. பாதி ஏற்றத்தில் சுஜன் மூச்சிரைத்துக் கல்லில் உட்கார்ந்துவிடுவான். "குடு தம்பி" என்று ரஜீவ் அவன் பையையும் வாங்கி மார்பில் மாட்டிக்கொள்வான். முதுகில் ஒன்று, மார்பில் ஒன்று. பின்னால் வெறுங்கையோடு முதலாளியின் மகன். வாழ்க்கையில் அவன் அனுபவித்த சந்தோஷங்களில் அதற்குச் சமமாக ஒன்றைச் சொல்லச் சொன்னால், தன் கல்யாணத்தைக்கூட யோசித்துத்தான் சொல்வான்.

அவனுக்கு ஓர் ஆசை இருந்தது. பெரகலப் பக்கம் யார் யாரோ பறக்கிறார்கள். நமுனுகுல மலையிலிருந்து, அவனறிந்து, ஒருவரும் பறந்ததில்லை. உச்சிக்குக் கொஞ்சம் கீழே, காடு முடிகிற இடத்தில், மானாப்புல் வெளி ஒன்று சரிந்து கிடக்கிறது. அங்கிருந்து கிளம்பினால் அவன் பிறந்த லயத்துக்கு மேலாகப் பறந்து, தோட்டத்துப் பள்ளிக்கூட மைதானத்தில் இறங்கலாம். ஏற்றம்தான் கொடுமை. இருபது கிலோவை வைத்துக்கொண்டு அந்தக் காட்டுக்குள் புகுந்து போக ரஜீவாலேயே முடியவில்லை; இரண்டு தரம் பாதியில் திரும்பியிருக்கிறான். ஆனாலும் அந்த மலையிலிருந்து முதலில் பறக்கிறவன் தானாகத்தான் இருக்க வேண்டும் என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டு வைத்திருந்தான். இதை ஒரே ஓர் ஆளிடம்தான் சொல்லியிருந்தான். அந்த ஆள் சுஜன்.

போன வருஷம் சுவிஸிலிருக்கும் அக்கா சுஜனுக்குப் புதுச் சாமான்கள் அனுப்பினாள். குடை, பட்டி, சின்னக் குடை எல்லாமே புது மாதிரி, எல்லாமே லேசு. ஒரு நீலப் பைக்குள் அடங்கிவிட்டது. பார்சலைப் பிரித்த கையோடு சுஜன் அதை ரஜீவிடம் காட்டத் தோட்டத்துக்கு ஓடி வந்தான். ரஜீவ் அப்போது பதுளையில், இதே சுஜனின் அப்பா கடையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான்.

அது கொழுந்து நிறுக்கும் நேரம். நிறுவைக் கொட்டகையான மடுவத்தில் பெண்கள் சாக்கும் கையுமாக வரிசையில் நின்றார்கள். முதுகில் பையோடு வந்த சுஜனை அவர்கள் சும்மா விடவில்லை. தம்பி எந்த மலையில் கொழுந்து எடுத்தீர்கள், இன்றைய வேலைக்குப் பேர் போட்டாச்சா என்று கேலி பண்ணி, பையைப் பிடுங்கித் தராசில் மாட்டினார்கள். கணக்கப்பிள்ளையும் விளையாட்டாக, கொழுந்துக்குச் சொல்கிற அதே ராகத்தில், "ஏழு" என்றார். மடுவமே சிரித்தது. அந்தச் சிரிப்பில் ரஜீவின் மனைவி விஜயலெட்சுமியும் இருந்தாள்.

அன்றிரவு ரொட்டி தட்டிக்கொண்டே அவள்தான் அதைச் சொன்னாள். அவள் மனதில் ஒன்றுமில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

"ஏழுதானாம். ஒரு வெரல்ல தூக்கிட்டேன். நம்ம வீட்டுல கெடக்கே ஒண்ணு, அத நகத்தி வச்சுக் கூட்டுறதுக்குள்ள என் இடுப்பு போயிருது."

ரஜீவ் ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டான். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தான். அவனுடைய பையை அவள் ஒருநாளும் தூக்கிப் பார்த்துச் சிரித்ததில்லை. அது ஒரு விரலால் தூக்குகிற பை இல்லை. அதனால்தான் அதற்கு மதிப்பு என்று இத்தனை காலமும் நினைத்திருந்தான்.

இங்கே நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மடுவத்துத் தராசு நேரான தராசு இல்லை. சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று இரண்டு கிலோவைக் கழித்துத்தான் அது எண் காட்டும். அப்படித்தான் திருகி வைத்திருக்கிறார்கள். இந்தக் கழிவை எதிர்த்து லயத்தில் சண்டை நடக்காத மாதமில்லை. ரஜீவ் தாய் வயிற்றில் இருந்தபோதே இந்தச் சண்டையைக் கேட்டிருப்பான். ஏழு என்றால் அது ஒன்பது என்று தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். விஜயலெட்சுமி அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய விஷயமாக அவளுக்குப் படவில்லை. ரஜீவுக்கு அது ஞாபகத்துக்கே வரவில்லை. பொறாமை பிடித்தவனுக்குக் கணக்கு எங்கே வரும்? ஏழு என்ற சொல் மட்டும் காதுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரகல முகட்டில் அவன் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. சுஜன் பாட்டுக்கு முன்னால் ஏறினான். கல்லில் உட்காரவில்லை. வழியில் கண்ட பூவையெல்லாம் போனில் படம் பிடித்துக்கொண்டு போனான். இருபது கிலோவோடு ரஜீவ் மேலே வந்து சேர்ந்தபோது, சுஜன் குளிர்ந்த தண்ணீர்ப் போத்தலை நீட்டி, "குடுத்திருந்தா நான் கொஞ்சம் தூக்கியிருப்பேனே ரஜீவண்ணே" என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான். ரஜீவுக்கு அந்தப் போத்தலாலேயே அவன் மண்டையில் ஒன்று போடலாமா என்றிருந்தது. இருந்த ஒரே பெருமை அந்த முதுகு. அதை ஒரு பார்சல் வந்து ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டது.

அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் எரிச்சல். சுஜன் கடைக்குள் வந்தால் மூட்டையை வேண்டுமென்றே தொப்பென்று போடுவான். தம்பையா முதலாளி மகனைப் பற்றிப் பெருமையாக ஒரு வார்த்தை சொன்னால், வெளியே போய் வெற்றிலை துப்பிவிட்டு வருவான். இதெல்லாம் சுஜனுக்குத் தெரியவேயில்லை. அதுவும் ரஜீவுக்குக் கோபம்தான். நாம் ஒருவனை நினைத்து வெந்து சாக, அவன் அதைக் கவனிக்கக்கூட இல்லையென்றால் எப்படி இருக்கும்?

கடைசியில் அவனும் லேசுக்கு மாறினான். பெரகல விடுதியொன்றில் தங்கியிருந்த நெட்டையான வெளிநாட்டுக்காரன் ஒருவனிடம் லேசான குடையும் பட்டியும் இருந்தன. அவனுக்குப் பறந்து அலுத்துவிட்டது. நாட்டைச் சுற்றிப் பார்க்க மோட்டார் சைக்கிள் தேடிக்கொண்டிருந்தான். ரஜீவ் தன் மோட்டார் சைக்கிளையும் பழைய கனமான சாமான்களையும் கொடுத்து அதை வாங்கிக்கொண்டான். பழைய சின்னக் குடையை மட்டும் கொடுக்கவில்லை, இதில் அது இல்லாததால். கொடுக்கும்போது அந்த மனிதன், இந்தக் குடை என்னைப்போல ஆளுக்குச் செய்தது, நீ இதற்குப் பாரம் காணாது, தண்ணீரையாவது கூடச் சுமந்து போ, காற்றுக் காலத்தில் கவனம் என்று கையைக் காலை ஆட்டிச் சொன்னான். பாரம் காணாது என்று ரஜீவைப் பார்த்து உலகத்தில் முதன்முதலாகச் சொன்ன ஆள் அவன்தான். ரஜீவ் சிரித்துவிட்டு வந்தான்.

மோட்டார் சைக்கிளைக் காணாமல் விஜயலெட்சுமி விசாரித்தாள். விஷயம் தெரிந்ததும் இரண்டு நாள் அவள் பேசவில்லை. மூன்றாம் நாள், இனி மகளுக்குக் காய்ச்சல் வந்தால் இந்தக் குடையில் வைத்தா பதுளைக்குக் கொண்டு போவீர்கள் என்று மட்டும் கேட்டாள்.

பையை அவன் மத்தியான வேளையில், முதலாளி சாப்பிடப் போயிருந்தபோது, கடையின் அரிசித் தராசில் வைத்துப் பார்த்தான். அது நேர்மையான தராசு. ஒன்பது காட்டியது. அவன் முகம் விழுந்துவிட்டது. தண்ணீர்ப் போத்தலை எடுத்தான், டோர்ச்சை எடுத்தான், மழைச் சட்டையை எடுத்தான். முள் லேசாக அசைந்ததே தவிர எட்டைத் தாண்டி இறங்கவில்லை. பிறகு பட்டிக்குள் கையை விட்டு, அதில் மாட்டி வைத்திருந்த பழைய சின்னக் குடையை உருவி வெளியே வைத்தான். வெளியே எடுத்தவற்றையெல்லாம் திரும்ப உள்ளே போட்டான். ஏழு. சரியாக ஏழு. இத்தனை வருஷத்தில் அதை ஒருநாளாவது இழுத்திருக்கிறேனா என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டான். அன்று மாலை அதை வீட்டுக்குக் கொண்டுபோய் விறகு அடுக்குக்குப் பின்னால் தள்ளி வைத்தான்.

சுஜனுக்கு அவன் லேசுச் சாமான் வாங்கியதில் அப்படியொரு சந்தோஷம். வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் நமுனுகுலவுக்குப் போவோம் என்று குதித்தான்.

"நீங்க மொதல்ல எறங்குங்கண்ணே. அது ஒங்க ஆசை. நான் பின்னால வாறேன்."

ரஜீவ் தலையாட்டினான். உள்ளே கொதித்தது. முதலிடத்தை இவன் தூக்கிக் கொடுத்து நான் வாங்க வேண்டுமா? தீபாவளிக்கு முதலாளி கொடுக்கிற சாரத்தைக் கைநீட்டி வாங்குகிற மாதிரி? இவன் விட்டுக்கொடுத்துக் கிடைத்தது என்று நாளைக்குக் கடைத்தெரு முழுக்கப் பேசும். ஞாயிறு வரைக்கும் காத்திருக்க அவன் தயாராயில்லை.

சனிக்கிழமை விடிவதற்கு முன், போனை அணைத்துவிட்டுத் தனியாகக் கிளம்பினான். தேயிலை மலையைத் தாண்டிக் காட்டு எல்லைக்கு வந்தபோது வெளிச்சம் வந்துவிட்டது. முதுகில் பை இருக்கிறதா என்று இரண்டு தரம் தடவிப் பார்த்துக்கொண்டான். அத்தனை லேசு. இத்தனை காலமும் எவன் சுமையையோ சுமந்து செத்திருக்கிறேன் என்று தன்மேலேயே இரக்கப்பட்டான். காட்டுக்குள் பாதை கைவிட்டுப் போனது, அட்டை கடித்தது, கொடியை வெட்டி, சுற்றி, திரும்பி, மறுபடி பாதையைப் பிடித்தான். அதில் நிறைய நேரம் போய்விட்டது. ஒரு பாறைமேல் நின்று கீழே பார்த்தபோதுதான் அதைக் கண்டான். தேயிலைக்குள் ஓர் ஆள் ஓட்டமும் நடையுமாக ஏறி வந்துகொண்டிருந்தான். ஒல்லி உடம்பு. முதுகில் நீலமாக ஒன்று.

யாரென்று கேட்க வேண்டியதில்லை. ரஜீவின் காது சூடேறியது. நீங்க மொதல்ல எறங்குங்கண்ணே என்று தேன் ஒழுகப் பேசியவன், மோப்பம் பிடித்துக்கொண்டு வருகிறான் பார். அப்படி வந்தால்தானே அவன் முதலாளி மகன். எல்லாமே அவர்களுக்குத்தான் வேண்டும், ஆகாயம் உட்பட. ரஜீவ் ஓடத் தொடங்கினான். முள் கிழித்ததையும் முழங்கால் அடிபட்டதையும் பார்க்கவில்லை. பொறாமை அவனைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போனது.

மானாப்புல் வெளிக்கு வந்தபோது புல்லெல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தது. கச்சான், தென்மேற்குப் பருவக் காற்று. வேறொரு நாளாயிருந்தால் ரஜீவ் அந்தப் புல்லைப் பார்த்த மாத்திரத்தில் பையைத் திறக்காமல் திரும்பியிருப்பான். அந்த அறிவு அவனுக்கு உண்டு. அன்றைக்கு அவன் காற்றைப் பார்க்கவில்லை, காட்டு விளிம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். குடையை விரித்தான், பட்டியை மாட்டினான், கொளுக்கிகளைப் பூட்டினான். காட்டுக்குள்ளிருந்து சுஜன் வெளிப்பட்டான். இரண்டு கைகளையும் தலைக்குமேல் ஆட்டி என்னவோ கத்தினான். காற்றில் ஒரு சொல்தான் வந்து சேர்ந்தது. "நில்லுங்க."

நிற்பதா? ரஜீவ் குடையைத் தூக்கினான். அது சடாரென்று எழுந்து, அவன் ஓடுவதற்கு முன்பே அவனைத் தரையிலிருந்து பிடுங்கிக்கொண்டது.

கொஞ்ச நேரம், அவன் வாழ்நாளெல்லாம் கேட்டது கிடைத்தது. கீழே காடு, காட்டுக்குக் கீழே தேயிலை, அதற்கும் கீழே லயத்துத் தகரக் கூரைகள். நமுனுகுலவிலிருந்து பறக்கிறான், முதல் ஆளாக, எவனும் விட்டுக்கொடுக்காமல். உடனே அவன் செய்தது என்ன தெரியுமா? திரும்பிப் பார்த்தான், சுஜன் பார்க்கிறானா என்று. சுஜன் புல்லில் மண்டியிட்டுத் தலையில் கைவைத்திருந்தான். ரஜீவுக்கு அவ்வளவு இனிப்பாக இருந்தது.

முன்னால் திரும்பியபோது, கீழேயிருந்த பாறை முன்பிருந்த இடத்திலேயே இருந்தது. குடை முன்னே போகவில்லை. நெட்டை மனிதனுக்காகச் செய்த துணி, கீழே பாரம் போதாமல், காற்றில் வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு மெல்லப் பின்னால் போகத் தொடங்கியது, முகட்டுக்குப் பின்புறம், காற்று சுருண்டு விழுகிற பக்கம். குடையின் ஒரு பாதி காகிதம்போல மடங்கியது. உலகம் சுழன்றது. யோசிக்காமலே அவன் வலது கை இடுப்புக்குப் போய்ச் சின்னக் குடையின் கைப்பிடியைத் தேடியது. அங்கே வெறும் துணி இருந்தது. பள்ளமாக, தளர்வாக, ஒன்றுமில்லாத துணி. என் மகள் என்று நினைத்தான். அதற்குமேல் நினைக்க நேரமிருக்கவில்லை.

டர்பன்டைன் மரமொன்று அவனைப் பிடித்து, கிளை முறிந்து, தேயிலைச் செடிகளுக்குமேல் எறிந்தது. அதனால்தான் உயிர் இருக்கிறது. இடது கால் இரண்டு இடத்தில், ஒரு தோள், மூன்று விலா முறிவு. சுஜன் அந்தச் சரிவில் உருண்டும் புரண்டும் இறங்கி வந்து, கூப்பாடு போட்டு ஆட்களைச் சேர்த்து, கம்பளியில் கிடத்தித் தூக்கிவந்து கொழுந்து லொறியில் ஏற்றினான். ரஜீவுக்கு எதுவும் ஞாபகமில்லை.

பதுளை ஆஸ்பத்திரியில் கண் விழித்த மறுநாள், விஜயலெட்சுமி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். விடிகாலையில் அடுப்பு மூட்ட விறகு எடுத்தபோது சின்னக் குடை கையில் தட்டுப்பட்டிருக்கிறது. அது எதற்கென்று அவளுக்குத் தெரியும், பெரிய பையையும் காணவில்லை. அவனுக்குப் போன் எடுத்தாள், அணைந்திருந்தது. சுஜனுக்கு எடுத்தாள். அவன் முகம்கூடக் கழுவாமல் மோட்டார் சைக்கிளில் பறந்து வந்து, மகளின் பள்ளிக்கூடப் பையில் அதைப் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு மலைக்கு ஓடினான்.

"ஏன் எடுத்து வச்சீங்க?" என்று கேட்டாள். அவன் முனகலாக, சுஜனுடைய பை ஏழு கிலோ என்றான்.

"ஏழுன்னு சொன்னது மடுவத்துத் தராசுங்க. அது என்னைக்கு நேரா சொல்லியிருக்கு?"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. சுஜனின் பையும் ஒன்பது. தன்னுடையதும், எல்லாம் உள்ளே இருந்தபோது, அதே ஒன்பது. கண்ணை மூடிக்கொண்டான். அவமானத்தில் அழுகிறான் என்று நினைத்து அவள் அவன் நெற்றியைத் தடவினாள்.

பின்னேரம் சுஜன் வந்தான். கையெல்லாம் முள் கிழித்த கீறல். மகளின் நீலப் பையைக் கட்டில் ஓரத்தில் வைத்தான். அதற்குள் சின்னக் குடை இன்னும் இருந்தது. நமுனுகுலவிலிருந்து முதலில் பறந்தது ரஜீவண்ணன்தான் என்று கடைத்தெரு முழுக்கப் பேச்சு, அப்பாவும் எல்லாரிடமும் அதைத்தான் சொல்கிறார் என்றான். ரஜீவ் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. அவனை வேறொன்று, சுஜன் எப்படித் தன்னை எட்டிப் பிடித்தான் என்பது, அரித்துக்கொண்டிருந்தது.

"நீ ஏறி வந்தப்ப, ஒன் சாமான் எல்லாத்தையும் தூக்கிக்கிட்டா வந்த?"

"இல்லண்ணே. அத வீட்டுலயே விட்டுட்டேன். இது மட்டுந்தான்."

ரஜீவின் நெஞ்சிலிருந்து எதுவோ இறங்கியது. அப்படியானால் சுமையோடு வந்து தன்னைப் பிடிக்கவில்லை. வெறும் ஆளாகத்தான் வந்திருக்கிறான். வெறும் ஆளாக வந்தால் யார்தான் பிடிக்க மாட்டார்கள்? உடைந்த விலாவோடு, வலியோடு, அவன் புன்னகைத்தான். உயிரைக் காக்க வந்தவனுக்கு நன்றியாகச் சிரிக்கிறார் என்று நினைத்துச் சுஜன் கண் கலங்கினான். விஜயலெட்சுமி கலங்கவில்லை. அவள் அந்தப் புன்னகையோடு பதினொரு வருஷம் குடும்பம் நடத்தியவள். அது எதற்கு வருகிறது என்று அவளுக்குத் தெரியும்.

அவள் எழுந்தாள். நீலப் பையைத் திறந்து சின்னக் குடையை வெளியே எடுத்து, சுஜனின் கையில் வைத்தாள்.

"நீங்க கொண்டு போங்க தம்பி. இந்த வீட்டுக்கு இனி இது வேணாம். இவர் பறக்கப் போறதில்ல."

சுஜன் அதை என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு நின்றான். ஒன்றுக்கும் உதவாத பாரமென்று ரஜீவ் தன் கையாலேயே உருவி விறகுக்குப் பின்னால் தள்ளிய பொருள் அது. இப்போது அது சுஜனின் கையில் இருந்தது. ரஜீவின் புன்னகை போய்விட்டது. தோள் முறிந்த பக்கத்துக் கையையே, வலியைப் பொருட்படுத்தாமல், கட்டிலிலிருந்து நீட்டினான்.

"அது என்னோடது" என்றான். "வச்சுட்டுப் போ."